பதிலாள் வரும்வரை

பறவையின் கண்ணில் வைத்திருந்த பஞ்சு நனைந்திருந்தது.

லூர்தம்மா அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். நூற்றிருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு சுட்டு, தோலுரித்து, உள்ளே சணல் அடைத்துத் தைத்து வைத்த வெள்ளைப் பனிக்கோழி அது. கண்ணிருந்த இடத்தில் பஞ்சு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். கூரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. சுவரோரத்து வெப்பக் குழாய் சீறிக்கொண்டிருந்தது, அறை முழுக்கப் பூச்சி உருண்டை நாற்றம். ஆனாலும் இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு குளிர் எழும்பி அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

இன்றைக்கு எதுவும் பிழையாகப் போகக்கூடாது. நாலு வருடமாகக் கொழும்பில் விசாவுக்குக் காத்துக் கிடந்த அவள் புருஷன் கிறிஸ்துராஜா இன்று இரவு ஹீத்ரோவில் வந்து இறங்குகிறான். ஐந்து மணிக்கு இந்த அருங்காட்சியகக் கிடங்கைப் பூட்டிவிட்டுப் புறப்பட வேண்டும். வேன் ஓட்டும் பாஸ்கரன் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். அவரே கதவுக்குள் தலையை நீட்டினார்.

“என்ன பிள்ளை, மனுசன் வாற நாளிலையும் செத்த குருவியளோடையோ?”

“அஞ்சு மணிக்கு வந்திடுவன் அண்ணை. வாசலிலை நில்லுங்கோ.”

“கொஞ்சம் சிரிச்சபடி வா. உந்த மூஞ்சையைக் கண்டால் அவன் திரும்பிப் பிளேன் ஏறிடுவான்.”

அவர் போனதும் கிடங்கு மறுபடி அமைதியானது. டிசம்பர் மாதத்து லண்டன், நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது.

கிடங்கின் இழுப்பறைகளில் இருந்த பறவைகளைச் சேர்த்தவர்கள் நான்கு இயற்கை ஆய்வாளர்கள். அமெரிக்காவிலிருந்து வடதுருவத்தை ஒட்டிய பனிக்காடுகள் வழியாக ரஷ்யாவுக்குத் தந்திக் கம்பி இழுக்க வழி பார்க்கப் போன கூட்டத்தோடு போனவர்கள். இதற்கிடையில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் வேறொரு கம்பி போட்டு முடித்துவிட்டார்கள். வடக்கு வேலை கைவிடப்பட்டது. அதைச் சொல்ல அனுப்பிய ஆள் மற்ற முகாம்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தான், இந்த நால்வரின் முகாமுக்கு மட்டும் போகவில்லை. அடுத்த கோடையில் பெட்டிகள் கிடைத்தன. ஆட்கள் கிடைக்கவில்லை.

அடி இழுப்பறையில், பதிலாள் வரும்வரை அவர்கள் மாறி மாறிக் காவல் இருந்த தந்திக் கருவியும் இருந்தது. விரலால் தட்டி எழுத்தனுப்பும் பித்தளைச் சாவி, மரப் பலகை, இரண்டு விரற்கடை நீளத்தில் வெட்டுண்ட கம்பி. அதைத் துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு லூர்தம்மா பட்டியலில் குறிக்கப் பென்சிலை எடுத்தாள்.

டக். டக்-டக்.

வெப்பக் குழாய்தான் என்று நினைத்தாள். குழாய் இப்படி மூச்சு விட்டு மூச்சு விட்டு அடிக்காது. மன்னார் தந்திக் கந்தோரில் பதினோரு வருடம் சாவி தட்டியவளுக்கு, தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அடி பழைய காலத்து அடி, சில எழுத்துகள் புரியவில்லை. ஆனால் அது ஒரு நிலையம் இன்னொரு நிலையத்தைக் கூப்பிடும் சத்தம். யாராவது இருக்கிறீர்களா? யாராவது இருக்கிறீர்களா?

அவள் யோசிக்கவில்லை. கை யோசிக்கவிடவில்லை. பென்சில் நுனி மேசையில், மன்னாரில் அவள் பெயருக்கு இருந்த அடையாள எழுத்துகள் இரண்டையும் தட்டிவிட்டது. கூப்பிட்டால் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். அதைத் தட்டிவிட்டால் இருக்கை உன்னுடையது. பதிலாள் வரும்வரை எழும்பக்கூடாது. எந்த ஊர்த் தந்திக் கந்தோரிலும் அதுதான் முறை.

துணிக்குள் சத்தம் நின்றது. பிறகு வேகமாக, ஆசையாக அடித்தது.

பதிலாள் வந்தாயிற்று. நாங்கள் எழும்பலாம்.

எழும்பப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாததுபோல் இருந்தது. வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. ஈர ரோமத்தின் வாடை. மீன் கொழுப்பின் வாடை. அலமாரிகளுக்குப் பின்னால் யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினார்கள். ஒருவர். இன்னொருவர். நான்கு பேர்.

பயம் வந்தது. அதற்கு மேலே கோபம் வந்தது. ஷெல் விழுந்து கூரை பறந்த அன்றும் பதிலாள் வரும்வரை சாவியை விடாமல் இருந்தவள் அவள். அதற்கு அரசாங்கம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இனிச் செத்தவர்களுக்கும் உத்தியோகம் பார்க்க வேண்டுமா?

“ஏலாது!” என்றாள் உரத்து. பென்சில் முறியும் அளவுக்குத் தட்டினாள். வேலை கைவிடப்பட்டது. கம்பி வேண்டாம். வீட்டுக்குப் போங்கள்.

துணிக்குள்ளிருந்து பதில் அடித்தது.

ஆள் இல்லாமல் எழும்ப முடியாது.

நான் வரமாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள் என்று தட்டினாள்.

பூட்ஸ் சத்தம் நின்றது. குழாய் மறுபடி சீறியது. துணிக்குள் மெல்ல, மரியாதையாக ஒரு கடைசி அடி.

சரி. கிடைத்துவிட்டார்.

கால் வந்தது. கதவைப் பூட்டக்கூட நிற்காமல் ஓடினாள். அவள் ஓடி வந்து வேனில் ஏறியதைப் பார்த்த பாஸ்கரன், மனுசன் வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் பகிடி பண்ணினார். அவள் சிரித்தாள். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள்.

ஹீத்ரோவில் கொழும்பு விமானத்தின் சனம் வியர்வையும் மல்லித்தூள் வாசமுமாக வெளியே வந்தது. எல்லோருக்கும் கடைசியாகக் கிறிஸ்துராஜா. மெலிந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள்.

“லூர்து,” என்றான். “குளிருது.”

அவன் சட்டைத் தோளில் பனி இருந்தது. வெளியே பனி கொட்டவில்லை.

தள்ளுவண்டியின் பிடியில் அவன் விரல் ஆடியது. கிறிஸ்துராஜா மரக்கறிக் கடைக்காரன். ஒரு தந்தி எழுத்துக்கூடத் தெரியாது.

டக். டக்-டக். யாராவது இருக்கிறீர்களா?

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

இரண்டு கண்ணிலும் இமைகளுக்கு நடுவே வெள்ளை. பனியல்ல. பஞ்சு. நனைந்த பஞ்சு.

“என்ரை மனுசன்,” என்றாள் லூர்தம்மா, அவனுக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தைப் பார்த்து. “விடமாட்டன். கேட்குதோ? விடமாட்டன்.”

இரண்டு கையாலும் அவன் விரல்களைப் பிடியோடு சேர்த்து அழுத்தினாள். பனிக்கட்டியாய் இருந்தன. அவள் உள்ளங்கைக்குக் கீழே ஒரு விரல் தட்டிக்கொண்டே இருந்தது.