இரண்டு தரம் அடித்து நின்றால்

"அம்மா...! மறுபடியும் அணைச்சிட்டியா?"

மாடியிலிருந்து மகன் போட்ட சத்தத்தில் துடைப்பம் பிடித்த கை அப்படியே நின்றது. மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கசங்கிய அரைக்கால் சட்டையுமாக அவன் படியிறங்கி வந்தான். ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கம்ப்யூட்டரில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தவன், நெட் போனதில் பாதிப் பேச்சில் திரையிலிருந்து காணாமல் போயிருந்தான்.

"பெருக்கறப்ப ஒயர் காலை இடறுச்சுடா. அதான் ஒரு நிமிஷம்..."

"ஒரு நிமிஷமா? கம்பெனி ஆளு எத்தனை தடவைம்மா வந்து பார்ப்பான்? லைன்ல கோளாறே இல்ல, உங்க வீட்லதான் யாரோ பிளக்கை அணைக்கறாங்கன்னு சிரிக்கறான்!"

பரிசோதனைக் கூட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் வெள்ளைக் கோட்டைப் பைக்குள் திணித்தாள். "சுவிட்சம்மான்னு சும்மாவா பேரு வெச்சோம்? போன வாரம் நான் குளிச்சிட்டிருக்கேன், வெளியிலேருந்து லைட்டை அணைச்சிட்டாங்க. சோப்பைத் தேடறதுக்குள்ள உயிர் போச்சு."

சாப்பாட்டு மேசையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன், கடைத் தராசுகளைப் பழுது பார்க்கும் தராசுக்காரர், நிமிராமலே மகனிடம் சொன்னார்: "உங்க அம்மாகிட்ட சொல்லு. வீட்டை இருட்டாக்கினது போதும்னு."

அவள் எதிரில்தான் நின்றாள். கை நீட்டினால் தொடலாம். ஆனாலும் 'உங்க அம்மாகிட்ட சொல்லு'தான். இந்த வீட்டில் அவளுக்குப் புருஷனின் பேச்சு சுற்றிக்கொண்டுதான் வரும். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

காரணம் அவர் தங்கை. எல்லோருக்கும் சின்னவள். ஒரு நாள் காலையில் சின்னவள் வீட்டில் இல்லை. "நான்தான் ரெண்டு வார்த்தை சூடா சொல்லிட்டேன், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று இவளே வாயைக் கொடுத்தாள். தராசுக்காரர் அவளிடம் அன்று மூடிய வாய்தான். சொந்தபந்தம் மட்டும் வாயை மூடவில்லை. நாத்தனாரைத் துரத்தியவள் என்று கல்யாண வீட்டிலும் சொன்னார்கள், சாவு வீட்டிலும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு பந்தி பரிமாறினாள்.

பழைய போன் லைன் மண்ணுக்குள் மக்கிவிட்டது, இனிப் பழுது பார்க்க மாட்டோம் என்று கம்பெனி கைவிரித்ததும், போன மாதம் மகன் இன்டர்நெட் போனுக்கு மாற்றினான். "நம்பர் மட்டும் மாறக் கூடாது" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எதையும் கேட்காதவள் கேட்டதால் அவனும் அலைந்து திரிந்து பழைய நம்பரையே வாங்கிக் கொடுத்தான். புதிதாக ஒரு பெட்டி வந்தது. பச்சைப் பச்சையாகக் கண் சிமிட்டியது. அது இன்டர்நெட்டுக்கு என்றார்கள். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு இன்டர்நெட் யாருக்கு? அணைத்தாள். மூலையில் இருந்த கறுப்பு போனுக்கும் அந்தப் பெட்டிதான் சோறு போடுகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாக மகன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பெட்டி அணைஞ்சா நம்ம போனும் செத்துடும்" என்றான் இப்போது.

"என்னது... போனுமா?"

"பின்னே? அது வழியாத்தான் இது வேலை செய்யுது."

துடைப்பம் கீழே விழுந்தது. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அந்தப் போன் பக்கத்திலேயே காய்கறி நறுக்கி, துணி மடித்து, மணி அடிக்கவில்லையே, அவளுக்கு என்ன ஆனதோ என்று காத்துக் கிடந்து... கடைசியில் போனின் கழுத்தை நெரித்தது தன் கைதானா!

"யாராவது கூப்பிட்டிருந்தா...?"

"மெசேஜா என் மொபைலுக்கு வந்துடும். ஏதோ வந்து கிடக்கு, விளம்பரமா இருக்கும்னு திறக்கவே இல்ல. இரு..."

"வேணாம்டா! அப்புறம் கேக்கலாம்..."

அவன் தட்டிவிட்டான். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"அண்ணி... நான்தான். ரெண்டு மணி அடிச்சு வெச்சிடலாம்னு பார்த்தா மணியே போக மாட்டேங்குது. யாரோ ஒருத்தி வந்து மெசேஜ் சொல்லுங்கறா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கதை... உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா? அண்ணன் அடிச்சாலும் பரவால்ல, நான் கிளம்பி வந்துடறேன். நான் காதலிச்சவரோட போனதுக்கு, சண்டைன்னு பொய் சொல்லச் சொன்னதுக்கு... என் பழியையெல்லாம் சுமந்தீங்களே அண்ணி... எடுங்க அண்ணி..."

முடிந்தது. மருமகள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். தராசுக்காரர் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உங்க அம்மாகிட்ட கேளு..." என்றார் மகனிடம். "ரெண்டு மணின்னா என்னன்னு கேளு."

"நேரா கேக்கச் சொல்லு" என்றாள் அவள்.

மகன் இரண்டு பக்கமும் பார்த்தான். "என்னை விட்ருங்கப்பா!"

தராசுக்காரர் எழுந்தார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்... ஏன் எங்கிட்ட சொல்லல நீ?"

"அன்னைக்கு உங்க கையில அஞ்சு கிலோ எடைக்கல்லு இருந்தது. எவனாவது கூட்டிட்டுப் போயிருந்தா அவன் மண்டையை உடைச்சிடுவேன்னு நின்னீங்க. உண்மையைச் சொல்லியிருந்தா அவன் பொணம், நீங்க ஜெயிலு, அவ நடுத்தெரு. கணக்குப் பார்த்தேன். எம்பேர் கெட்டா எல்லாரும் பிழைச்சிடுவாங்கன்னு தோணுச்சு. வாரா வாரம் ரெண்டு தரம் மணி அடிச்சு நின்னா அவ உசுரோட இருக்கா. அவ்வளவுதான் எங்க பேச்சு. நம்பர்கூட வாங்கிக்கல, வாய் தவறிடும்னு."

அவள் கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஊர்ல இருக்கற தராசு முள்ளையெல்லாம் நேராக்கறீங்க. வீட்ல ஒருத்தி இத்தனை வருஷமா ஒரு பக்கமாத் தாழ்ந்து கிடந்தாளே... என்னடான்னு ஒரு நாள் நிறுத்துப் பார்த்தீங்களா?"

மகன் மொபைலை நீட்டினான். "அப்பா, நம்பர் இருக்கு. இதுலயே போடறேன்."

"வேணாம்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "வீட்டு போன்லேருந்து போடு. அந்த நம்பரைப் பார்த்தாத்தான் எடுப்பா."

பெட்டியின் சுவிட்சைப் போட்டார்கள். ஒரு விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுபடி சிமிட்டியது. "கொஞ்ச நேரம் ஆகும்" என்றான் மகன். "பதினஞ்சு வருஷம் ஆச்சு, இது என்ன" என்று முணுமுணுத்தபடி அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். அடுப்பில் பால் இருந்தது. பொங்கினால் அதையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

கூடத்திலிருந்து எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"அண்ணி இல்லம்மா... அண்ணன்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். பிறகு, "ஏய்... இவ அழறா. வந்து வாங்கேன்!"

"அழட்டும். நான் அழுதப்ப யார் எடுத்தாங்க?"

காலடிச் சத்தம் நெருங்கியது. ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டு வந்திருந்தார். சமையலறை வாசற்படியிலேயே நின்றார். எடைக்கல் தூக்கிய கை, எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கியது.

"தப்புதான். எம்மேலதான் தப்பு. வா... உன்னைத்தான் கேக்கறா."

அவள் தோள் குலுங்கியது. அவர் கை அந்தத் தோளில் விழுந்தது, அவள் தட்டிவிடவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தினாள், அடுப்பை அணைத்தாள், வெளியே வரும்போது பழக்கத்தில் சுவிட்சில் கை வைத்தாள்.

"அம்மா...!" "அத்தை...!" கூடமே அலறியது.

"அட, சமையக்கட்டு லைட்டுதான்டா!"

ரிசீவரை எடுத்தாள். அந்தப் பக்கம் விசும்பல். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அழுதது போதும்டி" என்றாள் கடைசியில். "இனிமே ரெண்டு மணியோட நிறுத்தாதே. எடுக்கற வரைக்கும் அடி."