நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

பளுமானி சிவப்பாக எரிந்ததும், பின்னால் நின்ற வரிசை சவரிநாதனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"நானூத்திப் பன்னெண்டு கிராம்," என்றாள் வாசலில் நின்ற காவல்பெண். "இவ்வளவையும் சுமந்துக்கிட்டு நம்ம பசங்க எப்புடிண்ணே கபடி பாடிப் போவாங்க?"

பிரியமாகப் பார்ப்பவரின் பார்வை, ஆடுகிறவனின் தசையில் நிஜமாகவே எடை ஏற்றுகிறது என்று கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. திரையில் பார்த்தாலும் ஏறும். சாதாரண ரசிகனுக்கு அரை கிராம். அதை அளக்கத்தான் ஒவ்வொரு கபடி அரங்கின் வாசலிலும் பளுமானி வைத்தார்கள். மற்ற அணிகளின் ரசிகர்கள் தோற்றால் வேறு அணிக்குத் தாவிவிடுவார்கள், பளு சேராது. நாகை நாரைகள் அணிக்கு வாய்த்தவர்கள் தாவத் தெரியாதவர்கள்.

பத்தொன்பது வருடமாக நாரைகள் கடைசி நிமிடத்தில் தோற்றார்கள். சவரிநாதன் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. பாதியில் எழுந்துபோனால் பையன்களுக்கு மனசு விட்டுப்போகும் என்று கடைசி விசில் வரை உட்கார்ந்திருப்பார். கண்மூடுவதற்குள் அவர்கள் கோப்பையைத் தூக்குவதை ஒருதடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"அப்ப இத்தன வருசமும் நாந்தானா?"

"நீங்க மட்டும் இல்லண்ணே," என்றாள் அவள், ஆறுதலாக. "ஆனா நீங்கதான் ஜாஸ்தி."

பளு குறைக்கப் பற்றுத்தளர்ச்சி வகுப்பு நடத்தினார்கள். ஞாயிறுதோறும் வீரர்களின் படத்தைப் பார்த்தபடி, கேஸ் சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று யோசிக்க வேண்டும்.

"என் மொகத்தப் பாத்து இருவத்தாறு வருசமா அதத்தானே யோசிக்கிறீங்க," என்றாள் மனைவி மரியபுஷ்பம். "இதுக்கு ஒரு வகுப்பா?"

ஆனாலும் போனார். பையன்களுக்காகப் போனார். முதல் மாதம் படத்தைப் பார்த்து அழுதார். ஆறாம் மாதம் கொட்டாவி விட்டார். ஆசிரியர் கைதட்டச் சொன்னார்.

இரண்டாம் வருடம் நாரைகள் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். சவரிநாதனுக்குப் பளுமானி பச்சை காட்டியது.

"சைபர்ண்ணே. உள்ள போங்க," என்றாள் அதே காவல்பெண்.

இந்த இடத்தில் சந்தோஷப்பட வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

உள்ளே இருபதாயிரம் சைபர்கள். நாரைகள் இறகுபோல் ஆடினார்கள். மூன்று நிமிடம் மிச்சம், பதினோரு புள்ளி முன்னிலை. எதிரணியில் இருவரைத் தொட்டுத் திரும்பிய நாரைகளின் ஃபாரூக், கையை உயர்த்தி அரங்கைப் பார்த்தான். பக்கத்து இருக்கைக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "நம்மாளு மஞ்சளா, நீலமா?" என்றார். ஃபாரூக் கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

சவரிநாதன் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, இன்னும் மூணு நிமிசந்தானே. கோப்பையத் தூக்குறதப் பாத்துட்டுப் போங்க."

அவர் நின்றார். சட்டைப்பையில் எதையோ தொலைத்தவர்போல் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி. கூட்டம் கலைஞ்சா பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்காது."