பதினோரு மணி வரைக்கும் பயமில்லை

காலை ஏழரை மணி பஸ்ஸிலிருந்து ஒரே ஒருத்திதான் இறங்கினாள். தீபாவளிக் கூட்டம் வடிந்த வாரம் அது. எங்கள் ஜல்கேஷ்வரில் அந்த ஒரு வாரம் ஈ காக்கை இருக்காது. நசுங்கிய செவ்வந்தியும் தேங்காய் நாரும் தெருவில் கிடக்கும். கோயில் மணி அடித்தால்கூட கடல் சத்தத்தில் அமுங்கிப் போகும்.

என் கடை பிரதட்சிணப் படிகளின் தலைமாட்டில் இருக்கிறது. தேங்காய், ஊதுவத்தி, கோகம் பழ சர்பத். கடை என்று பெயர்தானே தவிர, என் வேலை நேரம் சொல்வது. எங்கள் ஈஸ்வரனுக்குக் கோயிலைச் சுற்றினால் போதாது, கோயில் உட்கார்ந்திருக்கும் குன்றையே சுற்ற வேண்டும். கடல் உள்வாங்கிய சமயம் பார்த்து நூற்றுப்பத்துப் படி இறங்கி, பாறைத் தளத்தின்மேல் நடந்து, அந்தப் பக்கத்து மணலில் கரையேறி, என் கடைக்கு எதிரே இருக்கிற பைரவரிடம் வந்து கும்பிட்டால் வலம் முடிந்தது. அந்தப் பாறையெல்லாம் அலை அரித்துத் தேன்கூடு மாதிரி துளை விழுந்து கிடக்கும். அதைப் படம் பிடிக்கவே புனேக்காரர்கள் வருகிறார்கள். சாமிக்கு அரை நிமிஷம், பாறைக்கு அரை மணி.

இறங்குவதற்கு முன் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். "போகலாமா, வைனி?"

வைனி என்றால் அண்ணி. ஊருக்கே நான் அண்ணி. அந்த அண்ணன், என் புருஷன், போய்ச் சேர்ந்து பதினாறு வருஷமாகிறது, பிள்ளை குட்டியும் இல்லை, அந்தப் பட்டம் மட்டும் மிச்சம்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அமாவாசையன்று நடுப்பகலில் கடல் நிரம்பும். அப்புறம் திதிக்கு இரண்டு நாழிகை, முக்கால் மணி, தள்ளிப் போகும். விரல் கணுவில் எண்ணினால் முடிந்தது. என் மாமனார் காலத்திலிருந்து, கோயில் பூசை பார்க்கிற எங்கள் குரவ் வீட்டில் சொல்வதுதான் இந்த ஊரில் நேரம்.

வந்தவள் துணிப்பையை இறக்கி வைத்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம் இல்லை.

"என்னை அடையாளம் தெரியுதா, வைனி? பார்ஷி ஊர் குஸும் ஜக்தாப்."

இந்த முகத்தை எப்படி மறப்பேன்? மூன்று வருஷத்துக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து மூன்று நாள் கடலையே பார்த்துக் கொண்டிருந்த முகம். கடல் கடைசிவரை அவள் புருஷனைத் திருப்பித் தரவில்லை.

"தெரியுதும்மா. உட்காருங்க. சர்பத் கலக்கறேன்."

"அப்புறம் குடிக்கிறேன். இன்னிக்கு அவரோட திதி. கார்த்திக சுக்ல சதுர்த்தி. அவர் பாதியில விட்ட பிரதட்சிணத்தை நான் முடிச்சிடலாம்னு வந்தேன். பைத்தியக்காரின்னு சிரிக்காதீங்க."

"சேச்சே."

"என்ன பண்றது? எல்லாத்துலயும் பாதிதான் அந்த மனுஷன். கல்யாணத்துக்கே முகூர்த்தம் தப்பி வந்தவர். 'இதோ மாவு மிஷினை நிறுத்திட்டு வரேன்'னுவார், அரை நாள் ஆயிடும். சாகறப்பவும் அதே கூத்து. கூட வந்த அஞ்சு பேரும் மேல வந்துட்டாங்க. இவர் மட்டும் 'நீங்க போங்க'ன்னு கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாராம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மூணு வருஷமா அவரைத் திட்டாம நான் விளக்கேத்தினது கிடையாது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் சொன்னதெல்லாம் இதுதான்: "பத்து மணிக்குள்ள அந்தப் பக்கம் ஏறிடுங்க. பத்தேகாலுக்குத் தண்ணி திரும்பிடும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனாள்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தீபாவளி முடிந்தும் கூட்டம் வடியவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்ட எனக்கு ஒழியவில்லை. அமாவாசையிலிருந்து நாளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பஞ்சமி. "பதினோரு மணி வரைக்கும் பயமில்லை, நிதானமா போங்க" என்று அந்த ஆறு பேரிடமும் சொன்னேன். அந்தத் தடவை துவிதியை இரண்டு நாள் நின்றிருந்தது. நாளை எண்ணினால் பஞ்சமி, திதியை எண்ணினால் சதுர்த்தி. கடல் என் விரலை நம்பவில்லை, நிலாவை நம்பியது. இரண்டு நாழிகை முன்னாலேயே திரும்பிவிட்டது.

அந்த மனிதர் சதாசிவ் ஜக்தாப் தாமதிக்கவே இல்லை. பதினொன்றுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கும்போது போய்விட்டார்.

ஊரில் யாரும் கணக்கைத் திருப்பிப் பார்க்கவில்லை. "ஆசாமி வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னுட்டான்" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். உப்புத் தின்னவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக் கொள்வேன், குடிக்கிற தைரியம்தான் வரவில்லை. அன்றிலிருந்து நான் அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

கால் வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

வருஷத்தில் இரண்டு மூன்று பேராவது வலம் முடித்து வந்து, சர்பத்தை உறிஞ்சிக்கொண்டே சாதாரணமாகச் சொல்வார்கள். "பாறைத் திருப்பத்துல ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்காரே, யாரு வைனி? வெள்ளைக் குல்லா போட்டுக்கிட்டு. நல்ல மனுஷன். 'அவசரமே இல்லை, உட்காருங்க'ன்னாரு." பெரும்பாலும் தனியாக வந்தவர்கள்தான் இதைச் சொல்வார்கள். நான் யாரோ சாமியார் என்று மழுப்பிவிடுவேன். அவர்கள் போனபின் கடையை அடைத்துவிட்டுப் படுத்துக் கொள்வேன்.

அன்று மணி ஒன்பதரை ஆனது. குஸும் வரவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு மணல் பக்கமிருந்து ஒரு கோல்ஹாப்பூர் ஜோடி வந்தது. புதுக் கல்யாணம். பெண்ணின் கையில் பச்சை வளையல் முழங்கைவரை.

"வழியில ஒரு அம்மாவைப் பார்த்தீங்களா? தனியா?" என்று கேட்டேன்.

"தனியா இல்லையே, வைனி. புருஷன் கூடத்தானே உட்கார்ந்திருக்காங்க?" என்றாள் அந்தப் பெண். "அந்த வயசுலயும் என்ன பேச்சு! இவரும் இருக்காரே, ஊமைக்கோட்டான்."

"நான் கூப்பிட்டேன்" என்றான் அவன். "வாங்க, நேரமாச்சுன்னேன். பதினோரு மணி வரைக்கும் பயமில்லைன்னு அந்தப் பெரியவர் சொன்னாரு. மேல இருக்கிற வைனியே சொன்னாங்களாம்."

அன்று நான் யாரிடமும் பதினோரு மணி என்று சொல்லவில்லை.

அந்தப் பையனை அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. இன்னொருத்தி பெற்ற பிள்ளையை எந்த முகத்தோடு அனுப்புவேன்? முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டு இறங்கினேன்.

படிகள் முழுக்க நிழல். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், தலைக்குமேல் ஒரு முழ வானம். கீழே போகப் போகக் கடல் சத்தம் பெரிதாக வேண்டும். அன்று குறைந்துகொண்டே வந்தது. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

கடைசிப் படியில் வேறொரு வாசனை வந்தது. பாசியும் மீனும் நாறுகிற இடத்தில், சூடாக அரைத்த சோள மாவின் வாசனை.

பாறைத் திருப்பத்துக்கு நூறடி இருக்கும். துளை விழுந்த பாறைகளுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு குழியாக நிறைத்துக்கொண்டு வந்தது. குஸும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி, கடலைப் பார்த்தபடி ஒரு முதுகு.

வெள்ளைக் குல்லா.

அவர் கால் கணுக்கால்வரை தண்ணீரில் இருந்தது. சுற்றிலும் அலை தளும்பியது. அந்தக் காலடியில் மட்டும் தண்ணீர் அசையவில்லை.

"குஸும்! எழுந்திரும்மா! தண்ணி வந்தாச்சு!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை அமைதியான சிரிப்பை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. "இன்னும் நேரம் இருக்கு வைனி. நீங்கதான் சொன்னீங்களாமே? இவர் சொல்றாரு. இத்தனை வருஷத்துல என்கூட இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை இந்த மனுஷன்."

"நேரம் இல்லைம்மா!"

"பதினொண்ணு வரைக்கும்..." என்றது அந்த முதுகு.

மெதுவான குரல். கோபமே இல்லை. என்னை முழுசாக நம்புகிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த மூன்று வருஷமும் அவர் யாரையும் பலி கேட்டு அங்கே உட்காரவில்லை. நான் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் பதினொன்று ஆகவே இல்லை.

ஒரு அலை என் முழங்காலை அடித்தது. நான் பாறையைப் பிடித்துக் கொண்டேன்.

"நான் தப்பா எண்ணிட்டேன்!" என்று கத்தினேன். "கேக்குதா? அன்னிக்கு பஞ்சமி இல்லை, சதுர்த்தி. துவிதியை ரெண்டு நாள் நின்னுச்சு, நான் பார்க்கலை. பத்தேகாலுக்கே கடல் திரும்பற நாள் அது. உங்க மேல தப்பே இல்லை. தப்பு என்னோடது. மூணு வருஷமா வாயைப் பொத்திக்கிட்டு இருந்த பாவி நான்!"

கடல் சத்தம் நின்றது.

குஸும் சிரிப்பை மறந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

அவர் திரும்பினார்.

ஒரு மனித முகம்தான். மில்லில் வேலை முடித்து வருகிறவன் மாதிரி இமைவரை வெள்ளையாக இருந்தது. மாவா, உப்பா, தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைத்தான் பார்த்தார்.

"பார்த்தியா குஸும்" என்றார். "நான் லேட் பண்ணலைடி."

அவள் வாயில் முந்தானையை அடைத்துக் கொண்டாள்.

"நீ போ. நனையாதே."

மறுபடி எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழுந்தது. மார்பு உயரத்துக்கு ஒரு அலை. நான் குஸுமின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை, நான் விடவில்லை. எப்படிப் படிக்கு வந்தோம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நாற்பதாவது படியில் திரும்பிப் பார்த்தேன். பாறைத் திருப்பம் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

மேலே அந்தக் கோல்ஹாப்பூர்ப் பெண் அழுதுகொண்டு நின்றாள். குஸுமுக்குத் துண்டு கொடுத்தாள். குஸும் வெகுநேரம் புடவை நுனியையே பிழிந்துகொண்டிருந்தாள். நான் நீட்டிய சர்பத்தைத் தொடவில்லை.

"மூணு வருஷம் வைனி" என்றாள் கடைசியில். "தினமும். சோம்பேறின்னேன், பொறுப்பத்தவன்னேன், என்னை அனாதையாக்கிட்டுப் போன பாவின்னேன். படத்துக்குப் பூ போடறப்பகூட. அத்தனையும் இப்ப எங்கே கொண்டுபோய்க் கொட்டறது?"

"என் தலையில கொட்டுங்க."

"கொட்டினா அவருக்குப் போய்ச் சேருமா?" அவள் எழுந்து பையை எடுத்தாள். "உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரலை. வரும்னு பொய் சொல்லவும் தெரியலை. வரேன்."

எதிரே பைரவர் சன்னதிக்குப் போய் நின்றாள். என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடாமல் பையை வைத்துக் கொண்டாள்.

அதற்கப்புறம் குல்லாக்காரரைப் பற்றி யாரும் வந்து சொல்லவில்லை. ஊராரிடம் நான் உண்மையைச் சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள், சிலர் யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். என் கடைப் பக்கம் வருகிற நாலு பேரும் வருவதை நிறுத்தினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க நான் பேசியது என் வீட்டுப் பூனையோடு மட்டும்தான். போனால் போகட்டும், அவராவது கரையேறிவிட்டார் என்று மனசைத் தேற்றிக் கொண்டேன்.

போன வாரம் எங்கிருந்தோ ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு பெண்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஊர்க்கதை தெரியாதே.

"போகலாமா, வைனி?"

நான் எண்ணினேன். பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை பார்த்தேன். "போங்க, ஒன்பது மணி வரைக்கும்..." என்று வாயெடுத்தேன்.

நான் உட்கார்ந்திருந்த பலகை பக்கவாட்டில் லேசாக அமுங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. பலகையில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம் பரவி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

காதோரம், மூச்சுக்கூடப் படாமல், அந்தக் கோபமே இல்லாத குரல் கேட்டது.

"இன்னொரு தடவை எண்ணுங்க, வைனி."

அந்தக் குடும்பம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் முதல் கணுவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இப்போது தினமும் அப்படித்தான். எண்ணி முடித்து ஒரு கணம் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றால்தான் போகச் சொல்கிறேன்.