அக்கா கையை எடுக்கும்வரை

அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது அந்த வாசனைதான். ஆஸ்பத்திரியில் கை கழுவும் மருந்தின் வாசனை. அக்கா நர்ஸ். எத்தனை முறை குளித்தாலும் அவள் உள்ளங்கையை விட்டு அது போகாது. அவள் காய்ச்சலில் கண்மூடிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. பூட்டிக் கிடந்த வீடு, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா மகளை என்னோடு அழைத்துப் போக வந்திருந்தேன். மாமாவுக்குக் கப்பலில் வேலை. "இனிமே குட்டிக்கு நீதாம்மா எல்லாம்" என்று போனில் அழுதிருந்தார். அதுவரை பக்கத்து வீட்டில் இருந்த குட்டி என்னைக் கண்டதும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள்.

துணிமணிகளைக் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டாக்சி வரும்வரை டிவி பார்க்கலாம் என்றாள் குட்டி. ஏதோ பேய்ப்படம். எனக்கு இந்தப் படங்களைக் கண்டாலே சிரிப்புதான். பேய் வருவதற்கு முன்பே பின்னணி இசை வந்து தண்டோரா போட்டுவிடும். ஊரே ஓடினாலும் கதாநாயகி மட்டும் இருட்டறைக்குள் தனியாகப் போவாள்.

"இவளுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா பாரு" என்றேன்.

குட்டி சிரிக்கவில்லை. "பொம்மை தலையைத் திருப்பப் போகுது. கதவு சாத்திக்கும். அப்புறம் அவ கத்துவா" என்றாள். அப்படியே நடந்தது.

"ஏய் வாயாடி, ஏற்கெனவே பாத்துட்டியா?"

"இல்ல சித்தி. அம்மா சொல்றாங்க."

அக்காவின் பழக்கம் அது. பயமான காட்சி வந்தால் குட்டியின் கண்களைக் கையால் பொத்திக்கொண்டு, நடப்பதையெல்லாம் காதில் சொல்வாள். பயம் தீர்ந்த பிறகுதான் கையை எடுப்பாள். சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் செய்தாள்.

திரும்பிப் பார்த்தேன். குட்டியின் கண்கள் திறந்துதான் இருந்தன. முகத்துக்கு நேரே விரலை ஆட்டினேன்.

இமைக்கவில்லை.

"ஒண்ணும் தெரியல சித்தி. அம்மா கை மறைக்குது."

சட்டென்று டிவியை அணைத்தேன்.

"இப்போ?"

"தெரியுது. பயம் போயிடுச்சாம்."

வாசலில் ஹாரன் கேட்டது. மூட்டையைக்கூட எடுக்காமல் குட்டியை வாரிக்கொண்டு ஓடினேன். "இவளை என்கிட்ட விட்டுடுக்கா. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்" என்று காலி வீட்டைப் பார்த்துக் கெஞ்சினேன்.

டாக்சி கிளம்பியது. "பாலத்தத் தாண்டிட்டா மழை விட்டுடும்மா" என்றார் டிரைவர். குட்டியின் கையை இறுகப் பிடித்திருந்தேன். பாலத்தில் ஏறியதும் அவள் என் காதருகே கிசுகிசுத்தாள்.

"சித்தி, அம்மா இப்போ உங்க கண்ணத்தான் மூடப்போறாங்களாம்."

"ஏன்டி?"

"நீங்க பயந்துடுவீங்களாம்."

மருந்து வாசனை.

முகத்தில் சில்லென்று ஓர் உள்ளங்கை.

இருட்டு.

டிரைவர் அலறினார். என் கைக்குள் இருந்த குட்டியின் விரல்களை யாரோ மெதுவாக, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

பாலத்துச் சுவரை இடித்து வண்டி நின்றதாம். கதவுகள் பூட்டியபடியே இருந்தனவாம். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர். ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. குட்டி எங்கே என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. மாமா விசும்புவது மட்டும் கேட்கிறது.

பயம் தீர்ந்தால் அக்கா கையை எடுத்துவிடுவாள்.

இன்னும் எடுக்கவில்லை.