கையகல இடைவெளி

என் தங்கை எர்மெலிந்தாவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பால்சாஸ் ஆற்றுப் பக்கம் பிப்ரவரியில்கூட மண்டை காயும். கதவைத் தட்டக் கை தூக்கினேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ நகத்தால் பிறாண்டினார்கள்.

அவள் மகள் ஒதிலியாதான். ஏழு வயது. கதவு என்று ஒன்று இருந்தால் அவளுக்குப் பிறாண்ட வேண்டும். “பூனைக்குட்டி, திறடி” என்றேன். சிரித்துக்கொண்டே திறந்தாள். வலது உள்ளங்கை முழுக்கச் சிவப்புச் சாயம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு மரப்பட்டைத் தாளில் படம் வரைவதுதான் பிழைப்பு. தங்கை புருஷன் அபுந்தியோவுக்குக் கைவேலை சுத்தம், வாய்தான் அடங்காது. தாஸ்கோ நகரத்தில் ஓர் ஓட்டலுக்காகச் சுவர் அகலத்துக்கு நாள்வட்டம் வரைந்திருந்தான். ஓரத்துப் பூவேலைக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

முதலை, காற்று, வீடு, பல்லி என்று தொடங்கிப் பூவில் முடியும் இருபது அடையாளங்கள், நாளுக்கு ஒன்றாக, அந்த வட்டத்தைச் சுற்றி வரும். கடைசிப் பூவுக்கும் முதல் முதலைக்கும் நடுவே கையகலம் வெறுமையாக விடுவோம். வருஷக் கடைசியில் அடையாளமே இல்லாத ஐந்து நாட்கள் வருகின்றன. அவை வெளியே போக வழி வேண்டும். பாதிரியார் இதைக் கேட்டால் சிரிப்பார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். ஆனாலும் அந்த இடத்தை ஒருவரும் அடைத்ததில்லை.

அபுந்தியோ அடைத்திருந்தான். அங்கே ஒரு சின்னக் கையின் சிவப்புத் தடம்.

ஒதிலியா அந்த ஐந்து நாட்களில் பிறந்தவள். தெருப்பிள்ளைகள் அவளை ‘நாளில்லாதவ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அழுதுகொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“அவளுக்கும் ஒரு இடம் வேணாமா அண்ணி?” என்றான்.

நன்றாகத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஒதிலியா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “நான் பூவுக்குப் பக்கத்துல இருக்கேன் பெரியம்மா.” அந்த முகத்தைப் பார்த்தபின் பூவேலைக்குத் தூரிகையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்த ஐந்து நாட்கள் தொடங்கின. அன்று நடுப்பகலில் சோள ரொட்டி தின்றுகொண்டே சுவரில் மாட்டியிருந்த தாளை நிமிர்ந்து பார்த்தேன். மான், முயல், நாய், கழுகு எல்லாம் முதலையைப் பார்த்து நடப்பதுபோலத்தான் வரைந்திருந்தான்.

இப்போது எல்லாத் தலைகளும் அந்தக் கையின் பக்கம் திரும்பியிருந்தன.

வீட்டில் பச்சை மரப்பட்டை ஊறும் வாடை. நாங்கள் எதையும் ஊறப்போடவில்லை. தாளுக்குப் பின்னால் ஏதோ நடமாடும் காலடிச் சத்தம். சுற்றி வரும், கைத்தடத்தின் அருகே நிற்கும், திரும்பவும் சுற்றும். வெளியே போக வழி தேடும் நடை அது.

அபுந்தியோ ஈரத்துணியால் சிவப்பைத் துடைத்தான். சுண்டுவிரல் தடம் கொஞ்சம் மங்கியது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒதிலியா ஓடிவந்து, “அப்பா, என் சுண்டுவிரல் மரத்துப்போச்சு” என்றாள். அவன் துணியைக் கீழே போட்டான்.

தாளையே எரிக்கப் பார்த்தோம். நெருப்பு பற்றவில்லை. வழி திறந்துவிடலாமென்று கத்தி முனையால் அந்த இடத்தைக் கீறினான். பிள்ளை அலறினாள். உள்ளங்கையில் ரத்தக்கோடு. அதற்குப் பிறகு யாருக்கும் அதைத் தொடத் தைரியம் வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைவரை ஓடினோம். தூரம் ஆக ஆக அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. திரும்பி வந்துவிட்டோம். பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கடைசி நாள் நடுப்பகல். ஒதிலியா பாயில் படுத்திருந்தாள். ஒரு கையைத் தங்கை பிடித்திருந்தாள், இன்னொன்றை நான். அபுந்தியோ தாளுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான், கதவை அடைப்பவன்போல. என்ன அடைத்து என்ன?

நடை நின்றது.

“பெரியம்மா, யாரோ வழி விடச் சொல்றாங்க” என்றாள், கிசுகிசுப்பாக.

“விடாதடி” என்றேன்.

“நான் நடுவுல நிக்கிறேனே.”

நான் பிடியை விடவில்லை. சத்தியமாக விடவில்லை. என் விரல்களுக்குள் அவள் மணிக்கட்டு ஊறிய பட்டைபோல மெலிந்தது, இன்னும் மெலிந்தது. பிறகு என் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

பாய் காலியாக இருந்தது. தங்கை இன்னும் கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள்.

அபுந்தியோ திரும்பித் தாளைப் பார்த்தான். விலங்குகள் பழையபடி முதலையைப் பார்த்து நின்றன. சிவப்புக் கை அதே இடத்தில் இருந்தது. கட்டைவிரல் மட்டும் பக்கம் மாறியிருந்தது. அந்தக் கை இப்போது உள்ளேயிருந்து ஊன்றியிருந்தது.

ஓட்டலுக்குத் தாள் போகவில்லை. அபுந்தியோ பிறகு பேசுவதையே விட்டுவிட்டான். அத்தனை வாய் பேசியவன். நான் வருஷம் தவறாமல் அந்த ஐந்து நாட்களுக்கு அங்கே போய்விடுகிறேன். போய் என்ன செய்கிறேன்? உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வருஷமும் போனேன். சிவப்பு ஈரமாகியிருந்தது. தங்கை தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

“வளர்ந்துட்டாக்கா” என்றாள். “என் கை அளவு ஆயிட்டா.”

தாளுக்குப் பின்னால் யாரோ நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தார்கள்.