ஏழாம் துளையின் மூன்று தட்டுகள்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், திங்கட்கிழமை. பூலாம்பாடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பொன் இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டிய குழியொன்றில் சின்னதுரை என்னும் தொழிலாளி காலையில் இறங்கினார், ஏறவில்லை. நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் அவர் இட்ட கையெழுத்தைச் சுரண்டிவிட்டு, அவ்விடத்தில் "வேலைக்கு வரவில்லை" என்று எழுதினார்கள். குறை இதுதான். வந்தவரை வரவில்லை என்று எழுதிய அந்த ஒற்றை வரியிலிருந்தே பின்னர் நடந்த கொடுமைகள் யாவும் முளைத்தன.

ஆறு வாரம் கழித்து, அதுவும் ஒரு திங்கட்கிழமை, பிரவீணா அந்நிறுவனத்தில் நிலவியலாளராகப் பணியில் சேர வந்தாள். ரெட்டிபாளையத்துப் பெண். படிப்பை முடித்தபின் ஐந்தாண்டுகள் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெயிலில் காய்ந்தவள். கம்பிவேலியின் வாயிலருகே ஒரு பெண் தரையில் அமர்ந்திருந்தாள்.

"புதுசா வந்துருக்கீங்களா மேடம்? நான் அமிர்தவல்லி. எங்க வூட்டுக்காரரு சின்னதுரை இங்கதான் குழியில எறங்குனாரு. சாயங்காலம் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போவலாம், மாவெளக்குக்கு அரிசி ஊறப்போட்டு வையின்னு சொல்லிட்டுப் போனாரு. ஓடிப்போயிட்டாருங்கறாங்க. அரிசிய ஊறப்போடச் சொல்லிட்டு எவனாச்சும் ஓடுவானா?"

பிரவீணா பையைக் கீழே வைத்துவிட்டு அவளருகே குந்தினாள்.

"இருக்காரா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இருந்தா திட்டிக்கிறேன். இல்லன்னா அழுதுக்கிறேன்."

கொட்டகைக்குள் உச்சிவெயிலில் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. டீசலும் ஈரக் கல்தூளும் கலந்த நாற்றம். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்த மேற்பார்வையாளர் நடராசன் பெட்டிகளைக் காட்டினார். துளையிடும் பொறி பாறை முழுவதையும் தூளாக்குவதில்லை. நடுவில் மூன்று விரல் பருமனில் ஓர் உருளையை விட்டுவைத்து, அதைச் சுற்றி அரிந்துகொண்டே இறங்கும். வெளியே எடுத்த உருளைகளை ஆழ வரிசைப்படி நீண்ட பெட்டிகளில் அடுக்குவார்கள். கரும்பாறையை ஊடறுத்து வெங்கச்சங்கல் நரம்பு வெள்ளையாக ஓடும்; பொன் இருந்தால் அந்த நரம்பில்தான் இருக்கும். கல் கிடைக்காத இடத்தில் அதே நீளத்துக்கு மரக்கட்டையை வைத்து, "இழப்பு" என்று எழுத வேண்டும். தொழில் நெறி அது.

ஏழாம் துளையின் பெட்டியில், பத்தொன்பதாம் மீட்டரில், பிரவீணாவின் விரல் நின்றது.

"அண்ணே, இது வேற துளைக் கல்லு. வரி ஓடுற திசையே மாறுதே."

"மாடு வாங்க வந்தவரு மாதிரி பல்லப் புடிச்சுப் பாக்குறீங்களே மேடம்! எடம் காலியா இருந்தா மேனேஜரு கத்துவாரு. அங்க இங்க கெடந்ததப் போட்டு ரொப்புனேன். கையெழுத்தப் போடுங்க, சாப்புடப் போவலாம்."

அவள் போடவில்லை. பொய்க்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அவற்றுக்கு முன்னிருந்த மெய்யான உருளையின் நுனியில், காய்ந்த சேற்றுக்குள் நகத்தளவு வெண்சில்லு ஒன்று பதிந்திருந்தது. பெயர்த்தெடுத்தாள். அரியலூரில் பழகிய கை, தன்னையறியாமல் அதை நாக்கின் நுனிக்குக் கொண்டுபோயிற்று. கல் நாக்கில் ஒட்டாது. புதையுண்ட எலும்பு ஒட்டும். அங்கே எல்லாரும் செய்யும் சோதனைதான்.

ஒட்டியது.

"எலும்பு. புதைபடிவம்" என்று ஏட்டில் எழுதினாள். எழுதிய பின்னரே உறைத்தது. இது அரியலூர் அன்று. அங்கே முன்னொரு காலத்தில் கடல் கிடந்தது. சங்கும் சிப்பியும் எலும்பும் படிந்து கல்லாயின. இந்தக் கரும்பாறையோ, எலும்பு என்னும் ஒன்று உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வெந்து இறுகியது. இதற்குள் எலும்பு இருக்க வழியே இல்லை.

நாக்கில் உப்புக் கரித்தது.

பிறகு நிணம் நாறியது.

அவள் சுவரோரம் ஓடி வாந்தியெடுத்தாள். நிமிரும்போது வெளியிலிருந்து ஓர் ஒலி கேட்டது.

டங். டங். டங்.

பொறி நின்றிருந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏழாம் துளைக்குள் இறங்கியிருந்த இரும்புத் தண்டு மட்டும் வெயிலில் அதிர்ந்துகொண்டிருந்தது.

நடராசனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "தூக்குன்னு அர்த்தம்" என்று முணுமுணுத்தார். "உள்ள இருக்குறவன் காத்துக் குழாயில ஒரு தட்டு தட்டுனா நிறுத்து. மூணு தட்டுனா ஆளத் தூக்கு."

"உள்ள யாருண்ணே?"

டங். டங். டங்.

"அனுமதி இல்லாத குழி, மேடம். பக்கம் சரிஞ்சு அவன் அடியில மாட்டிக்கிட்டான். வெளிய தெரிஞ்சா எல்லாத்தையும் மூடிருவாங்கன்னு மேனேஜரு மண்ணக் கொட்டச் சொன்னாரு. பொக்லைன நாந்தான் ஓட்டுனேன். கொட்டக் கொட்டத் தட்டுனான். மூணு நாளு கேட்டுச்சு. நாலாம் நாளு மோட்டார நிறுத்தாம ஓட்டி, காதுல வுழாமப் பாத்துக்கிட்டேன். போன வாரம் இந்தத் துளை கோணிக்கிட்டுப் போயி அந்தக் குழிக்குள்ளயே பூந்துருச்சு. கல்லு வரல. சட்டைத்துணி வந்துச்சு. அதுக்குள்ள… பொறி கக்குற சேத்துக் குழியில வீசிட்டேன்."

டங். டங். டங்.

"செத்தவன் எப்புட்றா தட்டுவ?" என்று அலறிக்கொண்டு நடராசன் வெளியே பாய்ந்தார். தண்டுகளை முடுக்கும் கனத்த இரும்புத் திருகியை ஓங்கித் தண்டின்மேல் ஒரே ஒரு முறை அடித்தார். நிறுத்து என்னும் கட்டளை.

நின்றது.

காற்றும் நின்றது.

பிறகு தண்டு தானாகச் சுழலத் தொடங்கியது.

முதலில் மெல்ல, செக்குப் போல. அவர் கழுத்துத் துண்டின் நுனி அதில் சிக்கியது. பிடுங்கக் கை நீட்டினார், கையும் சிக்கியது. அடுத்த நொடியில் வேகம் பிடித்தது. கரும்பை ஆலையில் கொடுத்தாற்போலத் தோள் முறிந்தது, விலா முறிந்தது, கழுத்து முறிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. குருதி தகரச் சுவரில் அடித்து வழிந்தது. பிரவீணா ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள், குத்தினாள், கதறினாள். அவளுடைய மற்றக் கை பட்ட இயந்திரம் குளிர்ந்து கிடந்தது. அது ஓடவே இல்லை.

சுற்றுவதற்கு எதுவும் மிஞ்சாதபோது தண்டு நின்றது.

அவள் நேரே வேலி வாயிலுக்கு நடந்தாள். முகத்தில் தெறித்திருந்ததைத் துடைக்கவும் இல்லை.

"அக்கா, அவரு ஓடல. இங்கதான் இருக்காரு. அழுதுக்குங்க."

காவலர் வந்து, இரண்டு நாள் தோண்டினார்கள். பத்தொன்பதாம் மீட்டரில் சின்னதுரை காற்றுக் குழாயில் சாய்ந்து அமர்ந்திருந்தார், வலக்கையில் சுத்தியல். மார்பில் மூன்று விரல் பருமனுள்ள வட்டத் துளை, உளியால் கடைந்தாற்போல முன்னிருந்து பின்வரை போயிருந்தது. குழாயில் நூற்றுக்கணக்கான பள்ளங்கள், எல்லாம் துருவேறியவை. ஒன்பது பள்ளங்கள் மட்டும் புத்தம் புதிதாக மின்னின.

அமிர்தவல்லி கணவரை எரித்தாள், மார்பில் ஒரு துண்டு குறைவாக.

இன்று மேலாளர் பிணையில் வந்து நடமாடுகிறார். பதிவேடு இன்னும் "வரவில்லை" என்றே சொல்கிறது. நடராசன் அந்த உடல் துண்டை வீசிய சேற்றுக் குழியை எவரும் தேடவில்லை. அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதற்குள் குழாய் இல்லை, தண்டு இல்லை, தட்டுவதற்கு இரும்பென்று எதுவுமே இல்லை. ஆயினும் திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் அவ்வழியே ஆடு ஓட்டிப்போவோர் காதைப் பொத்திக்கொண்டு விரைகிறார்கள்.

படித்துவிட்டீர்கள். இனி நீங்களும் கேட்டவரே. ஓர் அஞ்சலட்டை வாங்குங்கள். "வரவில்லை" என்பதை அடித்து, "வந்தார்" என்று எழுதும்படி ஆட்சியருக்கு எழுதுங்கள். அச்சேற்றைக் கிளறச் சொல்லுங்கள். மோட்டார் சத்தத்தில் காதை ஒளித்துக்கொண்டவனுக்கு நேர்ந்ததை மறவாதீர்கள். மூன்று முறை தட்டினால் ஆளைத் தூக்க வேண்டும்.

தூக்குங்கள்.