களவாத் தலை

திங்கட்கிழமை காலை ஆறு மணி. பாலில்லாத கட்டன்சாயாவோடு போன சத்தியபாய், தன் கணவர் சுந்தர்சிங் சாய்வு நாற்காலியில் இறந்து கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து அறையில் மகன் ஜெப்சன் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாங்கி நின்ற மனைவி சுபிதாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மணவாளக்குறிச்சியை அடுத்த அந்த வீட்டுக்கு சப்-இன்ஸ்பெக்டர் பெமிலா வந்து சேர்ந்தபோது, ஜெப்சனை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருந்தது. சத்தியபாய் அழவில்லை.

"மருமக வெஷம் வச்சிட்டா. எழுதிக்கிடுங்க."

சுந்தர்சிங் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சர்ச் கமிட்டியில் இருந்தவர். சுபிதா கிறிஸ்தவரல்லாத அய்யாவழிக் குடும்பத்துப் பெண். மகன் அவளைப் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து அவர் இருவரையும் வீட்டில் ஏற்றவில்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமைதான், முதல் தடவையாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

பெமிலா சுபிதாவை அடுக்களையில் உட்காரவைத்துக் கேட்டார்.

"கறி வச்சது யாரு?"

"நாந்தான் மேடம். மாமா பெரிய களவா மீனு வாங்கிப் போட்டிருந்தாவ. என் கையால வைக்கணும்னு சொன்னாவ."

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"உப்பு புளிகூடப் பாக்கலியா?"

"ஞாயித்துக்கிழம சாமி கும்பிடப் பதிக்குப் போற நாளு. அன்னைக்கு மீனு வாயில வைக்கமாட்டேன். மாமாவுக்கும் தெரியும்."

"யாருக்கு எந்தத் துண்டு?"

"தலையும் ஈரலும் மாமாவுக்கு. அந்தத் தலையில எங்க வீட்டுக்காரரு இவியளும் பிச்சுத் தின்னாவ. மாமிக்கு ஒரு வால்துண்டு."

வாசலில் நின்ற சத்தியபாய் குறுக்கே பேசினார். "சாயங்காலம் இவளத் தவிர எல்லாருக்கும் வாந்தி. சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குப் போவல. எனக்குக் கொஞ்சம்தான், உதடு மரத்துப்போச்சு. இவ ஃபிரிட்ஜ்ல இருந்து வெள்ளம் எடுத்துக் குடுத்தா. அவிய ஒரு வாய் குடிச்சிட்டு, சுடுதுன்னு டம்ளரத் தட்டிவிட்டாவ. ஃபிரிட்ஜ் வெள்ளம் எப்படிச் சுடும்? ஆசிட்டு கலந்திருக்கா."

"நான் கலக்கல மேடம். அதே பாட்டில்ல இருந்து நானும் குடிச்சேன்."

"அதப் பாத்தவங்க உண்டுமா?"

சுபிதா தலையை ஆட்டினாள். இல்லை.

பெமிலா குளிர்ந்த தண்ணீர் பாட்டிலையும் கறிச்சட்டியையும் முத்திரை வைத்து எடுத்துக்கொண்டார். கொல்லையில் தென்னைமரத்தடியில் ஒரு பூனை செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு லீமாவின் பூனை. மிச்சக் கறியைத் தின்றிருக்கும் என்றார் கூட வந்த காவலர். பெமிலாவும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் சுபிதாவின் படம் ஊரில் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரணைக்குக் கொண்டுபோன ஸ்டேஷனில் பெண் காவலர் கொடுத்த சோற்றை அவள் தொடவில்லை. "இவியளுக்கு எப்படி இருக்கு?" என்று கணவனைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. மருத்துவமனையில் டாக்டர் அஜிஷா பிரேதப் பரிசோதனையின் முதல் விவரங்களைச் சொன்னார். சுந்தர்சிங்கின் வாயிலோ தொண்டையிலோ வெந்த காயம் இல்லை. ஏற்கெனவே பலவீனமான இதயம் நின்றுபோயிருக்கிறது. பூச்சிமருந்தின் தடயமும் இல்லை.

"மகன் எப்படி இருக்கான்?"

"நீங்களே பாருங்க. நாடி ரொம்ப மெதுவா ஓடுது. பூச்சிமருந்துன்னு நினைச்சுதான் வைத்தியத்தை ஆரம்பிச்சோம். எதுவும் ஒத்துவரல."

ஜெப்சன் கண்ணைத் திறந்து படுத்திருந்தான். நர்ஸ் ஈரத்துணியை நெற்றியில் வைத்ததும் தணலைத் தொட்டவன்போலக் கத்தித் தட்டிவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றார் பெமிலா.

"சுடுது மேடம். சூடு சாயா தந்தா குளுருது. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா?"

பெமிலா டாக்டரோடு வெளியே வந்தார். அப்பா சொன்னதையே மகனும் சொல்கிறான். பாட்டிலில் ஒன்றும் கலந்திருக்காது. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்திருக்கிறது. மாறிப்போனது குடித்தவரின் உடம்பு.

"டாக்டர், குளிர்ச்சியச் சூடாக் காட்டுற வெஷம் ஏதாவது உண்டா?"

அஜிஷா கையிலிருந்த கேஸ்தாளை மறுபடியும் புரட்டினார். "ஒண்ணு உண்டு. ஆனா அதை யாரும் வைக்கணும்னு இல்ல. என்ன மீன் சாப்பிட்டாங்க?"

மாலை நான்கு மணிக்குப் பெமிலா லீமாவின் வீட்டு வாசலில் நின்றார். முந்தின நாள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"உங்க பூனைக்கு எப்ப மேலுக்கு முடியாம ஆச்சு?"

"ஞாயித்துக்கிழம காலம்பற. நாங்க சர்ச்சுக்கு எறங்கும்போதே பின்னங்கால இழுத்துக்கிட்டுக் கெடந்துது."

"நல்லா ஞாபகம் இருக்கா? மத்தியானம் இல்லியே?"

"இல்ல மேடம். சனிக்கிழம சாயங்காலம் சத்தியபாய் அக்கா கொல்லையில மீனு வெட்டினாவ. அந்தக் கொடல இதுதான் தின்னுது. அதுக்கப்புறம் ஒண்ணும் திங்கல."

சர்ச் முடிந்த பிறகுதான் ஜெப்சனும் சுபிதாவும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அதைக் கடைவீதியில் பார்த்தவர்கள் பலர். பெமிலா அவர்களில் இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

புதன்கிழமை காலை, மருத்துவமனை வராந்தாவில் சத்தியபாய் ஒரு பெஞ்சில் இருந்தார். சுபிதாவை ஸ்டேஷனிலிருந்து பெமிலாவே கூட்டிவந்தார். அவள் தூணோரமாக நின்றுகொண்டாள்.

"நான் தப்பா எழுதிட்டேன்," என்று தொடங்கினார் பெமிலா. "பூனை கறியத் தின்னு சாகல. அது தின்னது பச்சக் கொடல். சனிக்கிழம ராத்திரியே வெஷம் ஏறியாச்சு. அப்ப சுபிதா உங்க வீட்டு வாசல்கூட மிதிக்கல. அடுப்பு பத்தவைக்கறதுக்கு முன்னாலயே மீனுக்குள்ள வெஷம் இருந்திருக்கு."

"நான் வச்சேன்னு சொல்லுதியளா?"

"இல்ல. யாருமே வைக்கல. செத்த பவளப்பாறையில கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி வளரும். வெஷம் அதுல இருக்கு. சின்ன மீனு பாசிய மேயும். பெரிய மீனு சின்ன மீனத் தின்னும். தின்ன வெஷம் லேசுல வெளிய போவாது, ஒடம்புலயே சேந்துக்கிட்டு வரும். பாறைப் பொந்துல பல வருஷமா வேட்டையாடித் தின்ன மீனுன்னா அத்தனையும் அதுக்குள்ள. மீனுக்கு ஒண்ணும் ஆவாது. தின்னவங்களுக்குத்தான். தலையிலயும் ஈரலிலயும் கூடுதலா இருக்கும். அதான் அவருக்கு உயிரே போச்சு. வால்துண்டு தின்ன உங்களுக்கு உதடு மட்டும் மரத்துது."

"நல்லா கொதிக்க வச்சோமே."

"கொதிச்சாலும் போவாது. ஐஸ்ல வச்சாலும் போவாது. வாசமும் கெடையாது. பாத்துக் கண்டுபிடிக்க வழியில்ல."

சத்தியபாய் தன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப நீங்க யாரப் பிடிப்பிய?" என்றார்.

"பிடிக்க ஆளில்ல."

தூணோரத்திலிருந்து சுபிதா கேட்டாள். "லேப்ல நான் செய்யலன்னு வருமா மேடம்?"

பெமிலா அவள் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். "அங்க இதுக்குப் பரிசோதனை கெடையாது. வெஷம் எதுவும் அகப்படலன்னுதான் வரும். நான் தெளிவா எழுதுவேன். ஊரு நம்புமான்னு எனக்குத் தெரியாது."

"இவியளுக்கு மருந்து?"

"முறிக்கிற மருந்து கெடையாதுன்னு டாக்டர் சொன்னாங்க. பொழச்சுக்கிடுவான். தண்ணி சுடுறது நிக்க மாசக்கணக்கா ஆவலாம்."

சத்தியபாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"தலைய இவளா வைக்கல," என்றார். "நாந்தான் சொன்னேன். அவியளுக்குத் தலைன்னா உசிரு, நீ எடுத்து வச்சா மனசு எளகும்னு. அவிய இவள பெத்த மகளப் போல மக்கான்னு கூப்பிட்டாவ. அத நானே கேட்டேன். கேட்டிட்டுத்தான் இவ மேல எழுதிக் குடுத்தேன்."



பார்வையாளர் நேரம் தொடங்கியது. ஒருவர்தான் உள்ளே போகலாம். சத்தியபாய் கையில் கசங்கியிருந்த அனுமதிச் சீட்டைச் சுபிதாவிடம் நீட்டினார்.

"நீ போ மக்கா. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கான்."

சுபிதா சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடும்வரை அந்தப் பக்கமே பார்த்திருந்த சத்தியபாய் பெமிலாவிடம் திரும்பினார்.

"அடக்கத்துக்கு ஆளுக வருவாவ மேடம். எப்படி எறந்தாருன்னு கேப்பாவ. நான் என்ன சொல்லட்டும்?"